ரிக் டொரெல்லி நான்தான்

ஆம்புரோஸ் கிளெக் என்ற சொந்தப் பெயரின் மேல் அவனுக்குப் பெரிய பற்று ஒன்றும் கிடையாது. மான்செஸ்டரில் ஒரு மழைக்கோட்டுக் கிடங்கில் பார்சல் கட்டுகிறவனுக்கு அந்தப் பெயர் போதும். அவன் உயிரை வைத்திருந்தது வேறொரு பெயரில். ரிக் டொரெல்லி. பின்பாதி, ஆன்கோட்ஸில் ஐஸ்கிரீம் வண்டி தள்ளும் ஓர் இத்தாலியரின் வண்டிப் பலகையிலிருந்து எடுத்தது. முன்பாதி அவன் தலையிலிருந்தே வந்தது. அந்தப் பெயரைப் போட்டுத்தான் டன்வுட் அண்ட் சன்ஸ் அவனுடைய முதல் துப்பாக்கிக் கதையை வெளியிட்டது. புத்தகம் கைக்கு வந்த நாளில் அவன் பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தான். அட்டை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, யாராவது கேட்பார்களா என்று எதிரில் வந்த முகங்களை எல்லாம் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, எல்லோரும் தலையைக் குனிந்து நடந்தார்கள்.

டன்வுட் அண்ட் சன்ஸில் மகன்கள் யாரும் கிடையாது. பெர்சி டன்வுட்டுக்குப் பிள்ளையே இல்லை. "மகனுங்கன்னு சேர்த்துப் போட்டா, ஏதோ தாத்தா காலத்துக் கம்பெனின்னு ஊர் நினைச்சுக்கும்" என்பார். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் அவர் அச்சடித்துக்கொண்டிருந்தது சாவு வீடுகளுக்கான துக்க அட்டைகள். போர் முடிந்தும் காகிதத்துக்குப் பங்கீடு இருந்தது. செத்தவர்களுக்கு என்று ஒதுக்கிய காகிதம் டன்வுட்டிடம் மட்டும் மிச்சம் இருந்தது. டாலர் தட்டுப்பாட்டில் அமெரிக்கப் புத்தகங்கள் வருவது நின்றுபோயிற்று. அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன கதைகளைப் படித்து ருசி கண்டவர்கள் இன்னும் இன்னும் என்று கேட்டார்கள். டன்வுட் யோசித்தார். வராத அமெரிக்காவை இங்கேயே செய்துவிட்டால் என்ன? ஷூட்ஹில் தெருவில், 'பை' என்னும் இறைச்சிப் பணியாரம் விற்கும் கடைக்கு மேலே, இரண்டு அறையில், சிகாகோ நகரம் தயாராகத் தொடங்கியது.

"நிஜச் சாவை அச்சடிச்சப்போ ரொட்டி தின்னேன்" என்பார் டன்வுட். "பொய்ச் சாவுலதான்யா கறியே கண்ணுல படுது."

அங்கே எல்லாம் தலைகீழாக நடக்கும். முதலில் அட்டைப்படம் வரும். சால்ஃபோர்டிலிருந்து ஓர் ஓவியர் மொத்தமாக வரைந்து அனுப்புவார். ஒரு பெண், தோளில் நழுவிய கவுன், சுவரில் ஓர் ஆணின் நிழல், துப்பாக்கி. டன்வுட் படத்தைச் சுவரில் ஆணியடித்து, ஒரு பை தின்று முடிப்பதற்குள் தலைப்பு வைத்துவிடுவார். பிறகு எழுதுகிறவனைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு எதைப் பார்த்து மிரள்றா? கண்டுபிடிச்சு எழுதிட்டு வா தம்பி" என்பார்.

ஆம்புரோஸ் பிளாக்பூல் கடற்கரையைத் தாண்டி எங்கும் போனதில்லை. அதனால் அவனுடைய சிகாகோவில் எப்போதும் மழை பெய்தது. கொலைகாரர்கள் வேலை முடிந்ததும் தேநீர் போட்டுக் குடித்தார்கள். மூன்றாவது புத்தகத்தில் ஒருவன் வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு, பண மூட்டையோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்து, வரிசையில் கடைசியாக நின்றுகொள்கிறான். எழுதியவனுக்கும் அது உறுத்தவில்லை, டன்வுட்டுக்கும் உறுத்தவில்லை, அச்சுக் கோத்தவருக்கும் உறுத்தவில்லை. ஆட்கள் நிற்கிற இடத்தில் வரிசையில் நிற்காமல் ஒரு மனிதன் வேறு என்ன செய்வான்?

அவன் மனைவி ஹில்டா எல்லாவற்றையும் படித்தாள். அவளுக்குப் பேக்கரியில் வேலை. மத்தியானம் திரும்பி வந்து, காலணியைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு, படிப்பாள். படித்து முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அந்தத் 'தான்' அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். என்றைக்காவது ஒருநாள் அது இல்லாமல் அவள் சொல்ல வேண்டும். அவன் எழுதியதெல்லாம் அதற்காகத்தான் என்று சொன்னால் பொய்யில்லை.

ஒரு சனிக்கிழமை விக்டோரியா ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் தன் புத்தகம் எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனான். வாரா வாரம் போவான், முன்வரிசையில் இல்லாவிட்டால் யாரும் பார்க்காதபோது எடுத்து முன்னே வைப்பான். அன்றைக்கு ரிக் டொரெல்லி முன்வரிசையில்தான் இருந்தான். 'சிவப்புக் கவுன்காரி அழமாட்டாள்.' ஆம்புரோஸ் அப்படி ஒரு புத்தகம் எழுதவே இல்லை.

அங்கேயே நின்று புரட்டினான். லொரெய்ன் என்று ஒரு பெண். ஒரு ரவுடியோடு வாழ்கிறவள். அவன் விடியலில் ரத்தம் படிந்த சட்டையோடு வருகிறான். ஆம்புரோஸ் எழுதியிருந்தால் அவள் அலறியிருப்பாள். இந்த லொரெய்ன் அலறவில்லை, சட்டையை வாங்கித் தொட்டியில் போடுகிறாள். 'ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் வேண்டும், வெந்நீர் ஊற்றினால் கறை தங்கிவிடும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்திருந்ததுதான் அவளுடைய துக்கம்.'

அவன் புத்தகத்தை டப்பென்று மூடி வைத்தான். நேராக ஷூட்ஹில் படியேறினான்.

"மிஸ்டர் டன்வுட், என் பேர்ல எவனோ எழுதியிருக்கான்!"

"எவனோ இல்ல தம்பி, நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார் டன்வுட், இறைச்சிப் பையைக் கடித்துக்கொண்டே. "மாசத்துக்கு ரெண்டு டொரெல்லி கேக்குறாங்க. நீ ஒண்ணு தர்ற."

"அந்தப் பேரை உண்டாக்கினதே நான்!"

"உண்டாக்கின. கம்பெனிக்குக் குடுத்த. இந்தத் தொழில்ல எல்லாருமே அப்படித்தான்யா வச்சிருக்காங்க. டொரெல்லிங்கிறது ஆள் இல்ல, கடைப் பலகை. பலகைக்குக் கீழ யார் நின்னு வித்தா என்ன?"

"யார் அவன்?"

"அதெல்லாம் எதுக்கு? உனக்கும் ராத்தூக்கம் போகும், எனக்கும் தலைவலி."

தூக்கம் ஏற்கெனவே போய்விட்டது. எழுதியவன் எப்படி இருப்பான் என்று அவன் கற்பனை செய்துகொண்டே இருந்தான். உயரமானவன், பைப்பில் புகை பிடிக்கிறவன், பல்கலைக்கழகத்தில் படித்தவன், நிஜமாகவே அமெரிக்காவைப் பார்த்தவன். அந்தப் பைப்பின் புகை கிடங்குவரை வந்து அவன் மூக்கில் ஏறியது.

அந்த வாரமே ஹில்டா கடையிலிருந்து அந்தப் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டாள். அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்து நாற்றம் வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"ஆம்புரோஸ். இது நீயா எழுதின?"

அவன் வாய் திறந்தான். இல்லை என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவள் அப்படி அவனைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அட்டையில யார் பேரு போட்டிருக்கு?" என்றான்.

"அடப் பாவி மனுஷா! இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த? பச்சைத் தண்ணி விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? நீ கைக்குட்டையைக்கூடத் துவைச்சதில்லையே!"

"கவனிக்கிறேன்ல."

அவள் எழுந்து வந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். கருகிய உருளைக்கிழங்கை இருவரும் சிரித்துக்கொண்டே தின்றார்கள். அந்த முத்தம் வேறு விலாசத்துக்கு வந்த முத்தம்.

அதன்பிறகு வீட்டில் இரண்டு டொரெல்லிகள் இருந்தார்கள். இவன் எழுதியது வந்தால் ஹில்டா, "இது கொஞ்சம் அவசரத்துல எழுதினதோ?" என்பாள். மற்றது வந்தால் பேக்கரி முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள். சொந்த மனைவி தன்னைப் புகழும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்ளும் நிலைமை உலகத்தில் வேறு எந்தப் புருஷனுக்காவது வந்திருக்குமா என்று அவன் நினைத்துக்கொள்வான்.

ஒருநாள் கையெழுத்துப் பிரதியோடு டன்வுட்டின் படியேறும்போது, மேலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நாற்பது வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, தொப்பி, கையில் கடைப்பை, அதில் லீக் கீரைத் தண்டு துருத்திக்கொண்டிருந்தது. கீழ்க்கடையில் இறைச்சிப் பை வாங்க வந்தவள் வழி தவறி ஏறிவிட்டாள் போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டான்.

மேலே வாசலில் நின்ற டன்வுட் சிரித்தார். "நல்லா ஒதுங்கின போ. அதுதான்யா டொரெல்லி!"

அவள் திரும்பினாள். "ஐயோ, நீங்கதான் இன்னொருத்தரா? நான் ஐவி தார்ப். துணிக்கடையில வேலை பாக்குறேன். உங்க புத்தகமெல்லாம் படிச்சிருக்கேங்க. அந்தக் கொள்ளைக்காரன் பஸ்ஸுக்கு வரிசையில நிப்பான் பாருங்க, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விலாவே வலிச்சுப்போச்சு! எப்படிங்க இந்த மாதிரி தமாஷெல்லாம் தோணுது உங்களுக்கு?"

அவள் மனதாரத்தான் சொன்னாள், அதில் துளியும் கிண்டல் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. பைப்பில் புகைக்கிற படித்தவன் என்றால்கூடத் தோற்றுப்போகலாம். லீக் கீரை வாங்கிப் போகிறவளிடம் எப்படித் தோற்பது?

அடுத்த வருஷம் டன்வுட் காமிக்ஸ் பக்கம் முழுசாகத் திரும்பினார். அதுவரை அங்கங்கே கிடைத்த அமெரிக்கப் படக்கதைகளை வாங்கிக் கறுப்பு வெள்ளையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வரத்தும் நின்றதும், சொந்தமாக வாரக் காமிக்ஸ் தொடங்குவது என்று முடிவாயிற்று. கதை எழுத ஒரே ஆள், வாரா வாரம், நிரந்தரமாக.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்" என்றார் டன்வுட். "இன்னும் முடிவு பண்ணல. யாருக்குக் காமிக்ஸோ, அவங்களுக்கே டொரெல்லியும். ரெண்டு பேரை வச்சு மேய்க்க என்னால முடியல."

ஆம்புரோஸ் அந்த மாதம் முழுக்கச் சாப்பாடு தண்ணி இல்லாமல் எழுதினான். லொரெய்ன் மாதிரி ஒருத்தியை எழுதப் பார்த்தான். அவள் தொட்டிப் பக்கம் போனாள், நின்றாள், அதற்குமேல் என்ன நினைப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அலறிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் சம்மன் வந்தது. பக்கத்து ஊர்ச் சந்தையில் யாரோ ஒரு பாதிரியார் 'சிவப்புக் கவுன்காரி'யின் அட்டையைப் பார்த்துப் போலீசுக்கு எழுதியிருந்தார். நாடு முழுக்க அப்போது அப்படித்தான் இருந்தது. ஊருக்கு ஊர் இந்த மாதிரிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய் எரித்தார்கள். டன்வுட் நீதிமன்றத்துக்கு வந்து, ஆபாசப் புத்தகம் போட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"எழுதினது யாருன்னு எவனும் கேக்கமாட்டான், பேரு கம்பெனி பேரு" என்று டன்வுட் இருவருக்கும் தைரியம் சொன்னார். "நல்ல கோட்டா போட்டுக்கிட்டு வந்து பின்னால உக்காருங்க. நாலு மரியாதையான முகம் தெரியணும்."

ஹில்டாவும் கிளம்பிவிட்டாள். அவன் எவ்வளவோ தடுத்தான்.

"என் புருஷன் எழுதின புத்தகத்தைக் குப்பைன்னு சொல்றாங்க, நான் வீட்ல மாவு பிசைஞ்சிட்டு இருக்கவா?" என்று தொப்பியில் ஊசி குத்தினாள். "அந்த நீதிபதி படிச்சிருக்கானா முதல்ல? கேக்கணும்."

நீதிமன்றத்தில் ஐவி கடைசி வரிசையில், முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பத்திரிகைக்காரர்கள் பென்சிலோடு இருந்தார்கள். போலீஸ் தரப்பு வக்கீல், ஆபாசத்தைக் காட்டுகிறேன் என்று எழுந்து, ரத்தச் சட்டை வரும் இடத்தை வாசித்தார். முதல் இரண்டு வரியை அருவருப்போடுதான் வாசித்தார். பிறகு குரல் தானாகத் தணிந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் இடம் வந்தபோது இருமுகிறவர்கள்கூட இருமவில்லை.

வக்கீல் நிறுத்தினார். நீதிபதி முன்னால் சாய்ந்திருந்தார். "அப்புறம் அவள் என்ன செய்கிறாள்?" என்று கேட்டுவிட்டு, உடனே நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

ஹில்டா அவன் கையை அழுத்தினாள். "பாத்தியா?" என்றாள் மெதுவாக.

நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. தன்மேலேயே வந்த கோபமாகவும் இருக்கலாம். "இதை எழுதத் தெரிந்த ஆள் இதைவிட நல்லதை எழுதலாமே! யார் இந்த ரிக் டொரெல்லி? அமெரிக்கரா?"

"கம்பெனி பேருங்க, ஐயா" என்றார் டன்வுட்.

"கம்பெனி பேனா பிடிக்காது. இந்தப் புத்தகத்தை எழுதிய மனிதரின் பெயரை இந்த மன்றம் கேட்கிறது."

டன்வுட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவர் கண் மெல்லக் கடைசி வரிசைக்குப் போனது. பென்சில்கள் எல்லாம் தயாராக நின்றன. ஐவியின் முகம் வெளுத்திருந்தது.

ஆம்புரோஸுக்கு எல்லாம் ஒரே நொடியில் தெரிந்தது. இப்போது டன்வுட் வாயைத் திறப்பார். நாளைக் காலையில் மான்செஸ்டர் முழுக்க, ரிக் டொரெல்லி என்றால் ஐவி தார்ப். துணிக்கடைப் பெண் சிகாகோவை எழுதினாள் என்று படத்தோடு போடுவார்கள். திட்டினாலும் அவளைத்தான் திட்டுவார்கள். அவன் உண்டாக்கிய பெயர் ஊரறிய அவளுக்குப் போய்ச் சேரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹில்டா தன் கையை மெல்ல எடுத்துக்கொள்வாள்.

அவன் எழுந்து நின்றான்.

"நான்தாங்க. ரிக் டொரெல்லி நான்தான். அந்தப் புத்தகத்தை எழுதினதும் நான்தான்."

புத்தகங்களை எரிக்க உத்தரவாயிற்று. டன்வுட்டுக்கு அபராதம், ஆம்புரோஸுக்கு அபராதம், இருவருக்கும் நீதிபதியிடம் நீண்ட வசவு. ஆம்புரோஸ் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டான். வசவு முழுவதும் தனக்கே என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

நடைவழியில் ஐவி ஓடி வந்தாள். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்காக... எப்படிங்க இப்படி ஒரு மனசு! எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உயிரை விட்டிருப்பாங்க. சர்ச்ல முகத்தைக் காட்ட முடியுமா நான்? சாகுறவரைக்கும் மறக்கமாட்டேங்க, ஆம்புரோஸ்!"

டன்வுட் அவன் முதுகில் தட்டினார். "பெரிய மனுஷன்யா நீ! இத பாரு, கோவிச்சுக்காத. உன் பேரு நாளைக்குப் பேப்பர்ல நாறிடும். பிள்ளைங்க காமிக்ஸுக்கு இனி உன்னை வைக்க முடியாது. ஐவிக்குத்தான். அவ சொந்தப் பேரையே போட்டுடலாம்னு இருக்கேன். டொரெல்லிய நீயே வச்சுக்கோ, இனி அது எனக்கு வேண்டாம்."

இரண்டடி தள்ளி ஹில்டா நின்றுகொண்டிருந்தாள். டன்வுட் சொன்னது அவள் காதில் விழவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கைகளை.

பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து கெட்டிலை வைத்தாள். தொப்பியைக் கழற்றவில்லை.

"யார் அவ?"

"தெரிஞ்சவங்க. கம்பெனியில..."

"தெரிஞ்சவளா? ஆம்புரோஸ்னு வாய் நிறையக் கூப்பிடுறா! 'எனக்காக'ங்கிறா! எனக்காக நீ என்னைக்குய்யா எழுந்து நின்ன? மழையில குடை பிடிச்சிருக்கியா ஒருநாள்?"

"ஹில்டா, நீ நினைக்கிற மாதிரி இல்ல."

"அப்ப வேற எந்த மாதிரி? ஓ... அந்த லொரெய்ன்! அவளைப் பாத்துத்தானே எழுதின? அதான் அவ்வளவு உயிரோட வந்திருக்கு. நான் ஒரு மக்கு, உக்காந்து அழுதேன். துணி துவைக்கிற விவரமெல்லாம் அவ வீட்ல கத்துக்கிட்டதா?"

அவன் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரில் இரண்டு வழிகள்தான் இருந்தன. உண்மையைச் சொன்னால் புத்தகம் கையை விட்டுப் போய்விடும். கள்ளக்காதலன் என்ற பழியை ஏற்றுக்கொண்டால் புத்தகம் அவனுடையதாகவே இருக்கும். வெட்கக்கேடுதான், ஆனால் அதை அவன் உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தான். கெட்டில் கூவத் தொடங்கியது. ஹில்டா அதை இறக்கவில்லை. அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீர் புத்தகம் படித்த அன்று வழிந்தது போல இல்லை.

"அது அவங்க எழுதினது" என்றான்.

"என்ன?"

"சிவப்புக் கவுன்காரி. நான் எழுதல. அவங்க எழுதினாங்க. பேரு ரெண்டு பேருக்கும் பொது. அவங்களைக் காப்பாத்த நான் எழுந்திருக்கல ஹில்டா. பேரு அவங்களுக்குப் போயிடக் கூடாதுன்னுதான் எழுந்தேன். உனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னும்தான். வயித்தெரிச்சல், வேற ஒண்ணுமில்ல."

ஹில்டா மெதுவாக உட்கார்ந்தாள். தொப்பியிலிருந்து ஊசியை உருவினாள்.

"படகுவீட்டுக் கதை?"

"அவங்களது."

"அந்த ஊமைப் பொண்ணு வர்றது?"

"அதுவும்."

"அப்ப உன்னது எது?"

"வங்கிக் கொள்ளை" என்றான். "மழையில துரத்துவாங்களே, அது. அப்புறம்... நீ நல்லாத்தான் இருக்குன்னு சொன்னதெல்லாம்."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் எழுந்து கெட்டிலை இறக்கி, இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி, ஒன்றை அவன் பக்கம் தள்ளினாள். அவன் வேறொருத்தியிடம் போகவில்லை என்றதும் அவளுக்கு மனம் லேசாகிவிட்டது தெரிந்தது. கோபம்கூட அவன் மேல் இல்லை, அவள் நினைப்பே அங்கே இல்லை.

"அவளா எழுதினா அதெல்லாம்?" என்றாள், தனக்குள் பேசுகிறவள் மாதிரி. "சும்மா நம்மள மாதிரி ஒரு பொம்பளை. கடையில நிக்கிறவ." ஒரு வாய் குடித்தாள். பிறகு, பேக்கரியில் சொல்ல விஷயம் கிடைத்தவள்போல முகம் மலர்ந்து, மேஜைமேல் சாய்ந்து கேட்டாள்.

"ஆம்புரோஸ், அடுத்து அவ என்ன எழுதப் போறாளாம்? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றான் ஆம்புரோஸ்.